மலைநாட்டில் உரோமர் தெருவைத் தேடுதல்

உரோமர் அமைத்த தெரு என்றதும் நூல் பிடித்தாற்போன்ற நேர்கோடே நம் நினைவுக்கு வருகின்றது. சமவெளிக்கு அது பொருந்தும். வட இங்கிலாந்தின் மலைகளில் அத்தெருக்களைத் தேடிச் செல்வோர் அந்நினைவை அடிவாரத்திலேயே விட்டுச் செல்லுதல் நன்று. உரோம நில அளவையாளர் ஒரு மேட்டிலிருந்து மறுமேட்டைக் குறிவைத்துத் தெருவை வகுத்தனர். குறிகளுக்கிடையே நேராக ஓடிய தெரு, செங்குத்தான சரிவு எதிர்ப்பட்டவிடத்து வளைந்து வளைந்து ஏறியது. சில இடங்களில் பள்ளத்தாக்கை விடுத்து மலைமுகட்டையே பற்றிச் சென்றது. ஏரிநாட்டில் புரூம் கோட்டையிலிருந்து அம்பிள்சைட் நோக்கிய தெரு 2,600 அடிக்கும் மேலான முகட்டில் ஓடுகின்றது. அம்மலைக்கே ‘ஹை ஸ்ரீற்’, அதாவது உயர்தெரு, என்று பெயர். ‘ஸ்ரீற்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் கல் பரவிய வழியைக் குறித்த ‘ஸ்ராற்றா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. ஊர்ப்பெயர்களில் அச்சொல் தலைகாட்டுமிடத்தில் தேடுவோர் சற்று நின்று பார்ப்பர்.

நின்றவர் எவற்றைக் காண்பர்? வயல்வரம்புபோல் நீண்டு கிடக்கும் மேடு, சரிவில் வெட்டிய படிபோன்ற தட்டு, புல்லின் நிறவேறுபாடு, வேறு காரணமின்றி நேராகச் செல்லும் ஊரெல்லை. தனித்தனியே இவற்றுள் ஒன்றும் சான்றாகாது. பொதிக்குதிரைகளும் பிற்கால வண்டிப்பாதைகளும் இத்தகைய தடங்களையே விட்டுச் சென்றுள்ளன.

இத்தொல்லைக்குத் தக்க உதாரணம் பென்னைன் மலைத்தொடரிலுள்ள பிளாக்ஸ்ரன் எட்ஜ். லங்காசயரும் யோர்க்சயரும் சந்திக்கும் அவ்விடத்தில், லிற்றில்பரோவுக்கு மேலே, ஏறத்தாழ 16 அடி அகலமாகக் கல் பாவிய தெருவொன்று செங்குத்தாக ஏறுகின்றது. அதன் நடுவே குழிந்த பெருங்கற்கள் வரிசையாய்ப் பதிந்துள்ளன. இறங்கும் வண்டியின் தடைக்கட்டை உராய்ந்த குழி என்றனர் சிலர். குதிரைகளின் கால் வழுக்காதபடி புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை நிரப்பிய வாய்க்கால் என்றனர் வேறு சிலர். உரோமர் கைவேலை என்பதில் மட்டும் பலர் ஐயுறவில்லை. 1955, 1957 ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவின் உரோமர் தெருக்களுக்கு எண்ணிட்டு நூல் வெளியிட்ட ஐவன் மார்கரியும், மஞ்செஸ்ரரிலிருந்து இல்க்லிக்குச் சென்ற உரோமர் தெருவின் பகுதியாகவே இதனைக் கொண்டார். படத்தைக் கண்ட மாத்திரத்தில் நாமும் நம்பினோம். அக்கற்களைக் கண்டவர் நம்பாதிருத்தல் கடினம்.

ஆயினும் உரோமர் தம் நாட்டுப்புறத் தெருக்களுக்கு இங்கே பெரும்பாலும் சரளையே பரப்பினர். மேலும், றொச்டேலிலிருந்து ஹலிபக்ஸ் செல்லும் வழிக்கு 1735 ஆம் ஆண்டிலே சுங்கத்தெருச் சட்டம் பிறந்தது. கல் பாவிய தெரு அக்காலத்ததே என்பது பின்வந்த ஆய்வாளர் பலரின் கருத்து. உரோமர் அம்மலையைக் கடந்திருக்கலாம். அதற்குக் கண்ணைக் கவரும் அக்கற்கள் சாட்சியாகா.

இக்காலத்தில் வானூர்தியிலிருந்து ஒளிக்கதிர் வீசி நிலத்தின் ஏற்றத்தாழ்வை அளக்கும் ‘லைடார்’ முறை வந்துள்ளது. இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2015 இல் தன் அளவீடுகளை யாவர்க்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மரமும் புதரும் நீங்கிய நிலம் கணினித் திரையில் தோன்றுகின்றது. சில அங்குல மேடும் நிழல் விழுத்துகின்றது. மறைந்திருந்த தெருத்துண்டுகள் பல இவ்வாறு வெளிப்பட்டன. ஆனால் மேடு எந்நூற்றாண்டினது என்பதை லைடார் கூறாது. அதற்கு மண்வெட்டியுடன் மலையேறித் தெருவின் குறுக்கே குழி வெட்டி, அடுக்கடுக்காய்ப் பார்க்கவேண்டும். பென்னைன் மலையில் அவ்வேலை பெரும்பாலும் மழையிலேயே நடைபெறும்.