கல்லாவில் உட்கார்ந்து கைபேசி பேசலாமா?

கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் வேலை செய்தால்தான் கடை நடத்த முடியும் என்று வணிகப் பெருமக்களில் பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. நாமும் அப்படிச் சொல்லித் திரிந்தவர்கள்தாம்.

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் கிட்டங்கி இருப்பில் சர்க்கரை இரண்டு மூட்டை குறைந்தது. நான்கு ஆண்டுகளாக நம்மிடம் வேலை பார்க்கும் தம்பி மேல் சந்தேகம் போயிற்று. வாய்விட்டுக் கேட்கவில்லை; பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, வந்தது அஞ்சு மூட்டை, பில்லுல மூணுதானே போட்டிருக்கீங்க?" என்றார். அந்தப் பில்லை எழுதியது நாம். ஒரு காதில் புரோக்கரிடம் துவரை விலை, மறு கண்ணில் லாரி இறக்கம்!

மூளை இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்வதில்லை, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறது; தாவும் ஒவ்வொரு முறையும் நேரம் வீணாகிறது என்று 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வேலை சிக்கலானால் இழப்பும் கூடுகிறதாம். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரை நினைத்துக்கொள்வோம். அவதானிகளும் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறார்கள்; விட்ட இடத்தை மறப்பதில்லை, அவ்வளவுதான். நமக்கு அந்த நினைவாற்றல் ஏது?

இதற்காக வாய் மூடி வியாபாரம் செய்யச் சொல்லவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்தை விசாரிப்பதில் நஷ்டமில்லை. கை பழகிய வேலை அது. அந்தப் பேச்சுக்காகவே வருகிறவர்களும் உண்டு. எண்ணுவது, எடை பார்ப்பது, பில் எழுதுவது, இவை வேறு ரகம். இப்போது யு.பி.ஐ. பெட்டி வேறு "நூறு ரூபாய் பெறப்பட்டது" என்கிறது. எதிரே மூவர் நிற்கையில் அது யாருடைய நூறு?

மாலை ஆறு முதல் எட்டு வரை நம் கைபேசி இப்போது கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது. விலை விசாரிப்பெல்லாம் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடுகிறது. ஓரிரு புரோக்கர்களுக்கு வருத்தம்தான்.

தம்பியிடம் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லை முதலாளி" என்றார். ஆனால் அன்று முதல் மூட்டைகளை நம் காதில் விழும்படி உரக்க எண்ணித்தான் ஏற்றுகிறார்.