சீட்டாட்டமே தொழில்! தடை வந்ததும் என்ன செய்தார்கள்?

2011-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம் 15-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

அமெரிக்காவில் பல ஆயிரம் பேர் வழக்கம்போல கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அதுதான் ஆபீஸ். சீட்டு ஆடுவதுதான் வேலை!

ஆனால் அன்று சீட்டு வரவில்லை. அரசாங்க முத்திரையுடன் ஓர் அறிவிப்பு வந்தது. ''இந்தத் தளம் கைப்பற்றப்பட்டு விட்டது'' என்று அதில் எழுதி இருந்தது.

அந்த நாளுக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர், ''கறுப்பு வெள்ளி.''

என்ன ஆட்டம் அது?

அந்த ஆட்டத்தின் பெயர் போக்கர்.

ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். பொதுவாக 5 சீட்டுகளை நடுவில் திறந்து வைப்பார்கள். இந்த 7 சீட்டில் யாருக்கு நல்ல 5 சீட்டு சேருகிறதோ, அவருக்கே நடுவில் குவிந்த பணம்.

கையில் ஒன்றும் இல்லாதவரும் ஜெயிக்கலாம். துணிந்து பெரிய தொகையைக் கட்டினால், எதிரே இருப்பவர் பயந்துபோய் சீட்டைப் போட்டுவிடுவார்!

இது அதிர்ஷ்டமா, திறமையா?

''ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டம். ஓராயிரம் ஆட்டத்தில் திறமை.'' தொழிலாக ஆடுகிறவர்களின் வாதம் இதுதான்.

கணக்கர் கோடீசுவரர் ஆனார்

2003-ம் ஆண்டு டென்னஸி மாநிலத்தில் ஒரு கணக்கர் இருந்தார். பெயர் கிறிஸ் மணிமேக்கர். மணிமேக்கர் என்றால் ''பணம் பண்ணுகிறவர்'' என்று பொருள். உண்மையான பெயரே அதுதான்!

அவர் 100 டாலருக்கும் குறைவாகக் கட்டி, கம்ப்யூட்டரில் ஒரு போட்டி ஆடினார். அதில் ஜெயித்து, லாஸ் வேகாசில் நடக்கும் உலகப் போட்டிக்குப் போனார். அங்கே 839 பேர் ஆடினார்கள். மணிமேக்கர் முதல் பரிசைத் தட்டிச் சென்றார். பரிசு 25 லட்சம் டாலர்.

''அவரால் முடிந்தால் நம்மால் முடியாதா?'' என்று பலர் கிளம்பினார்கள். 2006-ம் ஆண்டில் அதே போட்டிக்கு வந்தவர்கள் 8,773 பேர்!

பணம் எங்கிருந்து வந்தது?

நேரில் ஒரு மேஜையில் ஆடினால், மணிக்கு சுமார் 30 ஆட்டம் ஆடலாம். கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் பத்து, இருபது மேஜைகளில் ஆடலாம். தொழில் ஆட்டக்காரருக்கு ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம். அது பல ஆயிரம் ஆட்டங்களில் சேர்ந்து சம்பளம் ஆகும்.

அந்தப் பணம் யாருடையது?

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பொழுதுபோக்காக ஆடுகிறாரே, அவருடையது! அவர் தோற்றால்தான் இவருக்குச் சோறு. நடுவில் ஆட்டத்தை நடத்தும் கம்பெனிக்கு கமிஷன்.

2006-ம் ஆண்டு சட்டம்

2006-ம் ஆண்டு செப்டம்பர் கடைசியில், அமெரிக்க காங்கிரஸ் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அது துறைமுகப் பாதுகாப்பு மசோதா. அதன் வாலில் இணையச் சூதாட்டத் தடையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்! அக்டோபர் 13-ந் தேதி ஜனாதிபதி புஷ் கையெழுத்துப் போட்டார்.

ஆடுகிறவரைப் பிடித்து ஜெயிலில் போடும்படி அந்தச் சட்டம் சொல்லவில்லை. சட்டவிரோத சூதாட்டத்துக்குப் பணம் போகும் வழியை அடைத்தது. அந்தப் பணத்தை பாங்கிகள் தடுத்து நிறுத்தவேண்டும் என்றது.

''பார்ட்டி கேமிங்'' என்ற பெரிய கம்பெனி உடனே அமெரிக்காவை விட்டு வெளியேறியது. லண்டனில் அதன் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. ''போக்கர் ஸ்டார்ஸ்,'' ''புல் டில்ட்'' முதலிய கம்பெனிகள், ''போக்கர் சூதாட்டமே அல்ல'' என்று சொல்லித் தொடர்ந்து நடத்தின.

தொழில் ஆட்டக்காரர்கள் அந்தக் கம்பெனிகளுக்கு மாறினார்கள். ஆனால் பொழுதுபோக்குக்கு ஆடியவர்களில் பலர், ''பணம் கட்டுவதே பெரிய பாடாக இருக்கிறதே!'' என்று ஒதுங்கினார்கள். கைதேர்ந்தவர்கள் கைதேர்ந்தவர்களோடு மோதவேண்டியதாயிற்று.

குளத்தில் மீன் குறைந்தது. கொக்குகள் குறையவில்லை!

கோல்ப் பந்து கணக்கு

2011-ல் 3 கம்பெனிகளின் தளங்கள் முடக்கப்பட்டன. உரிமையாளர்கள் உள்பட 11 பேர் மீது வழக்கு. பாங்கிகளை ஏமாற்ற, சீட்டாட்டப் பணத்தை நகை வாங்கிய பணம், கோல்ப் பந்து வாங்கிய பணம் என்று கணக்குக் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு.

ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்?

சிலர் நேர்முக ஆட்டத்துக்குப் போனார்கள். லாஸ் வேகாசில் சட்டப்படி சீட்டாட்ட மண்டபங்கள் உண்டு. ஆனால் அங்கே ஒரே மேஜைதான். 20 மேஜை ஆடிப் பழகியவருக்கு அது நத்தை வேகம்!

சிலர் மூட்டை முடிச்சுடன் நாட்டை விட்டே கிளம்பினார்கள். கனடாவில் வான்கூவர், மெக்சிகோவில் பிளாயா டெல் கார்மென், கோஸ்டாரிகா என்று குடியேறினார்கள். அங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி காட்டினால், மறுபடி ஆடலாம். பெற்றோர், உற்றார் எல்லைக்கு அந்தப் பக்கம். சீட்டு இந்தப் பக்கம்!

சிலர் சபைக்கும் கோர்ட்டுக்கும் போய்ப் போராடினார்கள். ஆட்டக்காரர் சங்கத்துக்கு முன்னாள் செனட்டர் டமாட்டோ தலைவராக இருந்தார். ''குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு உண்டு. எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?'' என்று கேட்டார்கள்.

2012-ல் புரூக்ளின் கோர்ட்டில் நீதிபதி வெயின்ஸ்டீன், ''போக்கரில் திறமையே முக்கியம்'' என்று தீர்ப்புக் கூறினார். ஆட்டக்காரர்கள் குதூகலித்தார்கள். மறு ஆண்டே அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

மற்றும் பலர் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு வேலை தேடினார்கள்.

முடங்கிய முதல்

எல்லோரையும் வாட்டிய கவலை வேறு ஒன்று. தளத்தில் கட்டி வைத்த பணம் என்ன ஆயிற்று?

தச்சனுக்கு உளி எப்படியோ, தொழில் ஆட்டக்காரருக்கு அந்த முதல் அப்படி. வாடகையும் அதில்தான். அரிசி, பருப்பும் அதில்தான்.

''போக்கர் ஸ்டார்ஸ்'' சில வாரங்களில் அமெரிக்கர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

''புல் டில்ட்'' கொடுக்கவில்லை. உலகம் முழுவதும் ஆட்டக்காரர்களுக்கு அது சுமார் 39 கோடி டாலர் தரவேண்டும். பாங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர்! உரிமையாளர்கள் 44 கோடி டாலருக்கு மேல் பங்கு போட்டுக் கொண்டார்கள் என்று அரசாங்க வக்கீல்கள் குற்றம் சாட்டினார்கள்.

2012 ஜூலையில் ''போக்கர் ஸ்டார்ஸ்'' 73 கோடியே 10 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு, ''புல் டில்ட்''டையும் எடுத்துக் கொண்டது. அதன் பிறகுதான் வழி பிறந்தது. 2014 பிப்ரவரி 28-ந் தேதி, சுமார் 27,500 பேருக்கு முதல் தவணையாக 7 கோடியே 60 லட்சம் டாலர் திரும்பக் கிடைத்தது.

வெளியே எடுக்க முடியாமல் அந்தப் பணம் கிடந்த காலம், ஏறக்குறைய 3 ஆண்டு!

மறுபடியும் குளம்

2013-ல் நெவாடா, டெலவேர், நியூஜெர்சி மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் கம்ப்யூட்டர் போக்கரை அனுமதித்தன. ஒரு மாநிலத்தில் உள்ள ஆட்கள் மட்டும் போதவில்லை. ஆகவே மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு, ஆட்டக்காரர்களை ஒரே மேஜையில் சேர்த்தன.

தொழில் ஆட்டக்காரரின் பிழைப்பு எதில் இருக்கிறது என்பதை இதுவே காட்டிவிடும்.

வயலில் நெல் விளையும். தறியில் துணி விளையும். சீட்டு மேஜையில் எதுவும் விளைவதில்லை. ஒருவர் பையில் இருக்கும் பணம் இன்னொருவர் பைக்குப் போகிறது. அவ்வளவுதான்.

தடை வந்ததும் நாடு விட்டு நாடு போனவர்களும், அந்தப் பையைத் தேடித்தான் போனார்கள்!