நான்கு தண்டுகளும் ஒரு முழங்காலும்

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஃபோர் பார் மெக்கானிசத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டேன். அது உலகத்தில் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.”

சென்னை ஐஐடி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, தங்கச்சி. அங்கே ஓர் ஆய்வுக்கூடம் உண்டு; டிடிகே மறுவாழ்வு ஆய்வு, கருவி உருவாக்க மையம் என்பது அதன் முழுப் பெயர். சுருக்கமாக ஆர்2டி2 என்கிறார்கள். பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் மாணவர்களும் இளம் பொறியாளர்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளைச் செய்யும் கூடம் இது. அமர்ந்திருப்பவரை எழுப்பி நிறுத்தும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி 2019இல் இங்கிருந்து வந்தது. இங்கிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனம், உட்காருபவரின் உடல் அளவுக்கேற்ப நாற்காலி செய்து தருகிறது. அதன் முன்னால் மோட்டார் வண்டியை மாட்டினால் சாலையிலேயே போகலாம்.

எனக்குப் பிடித்தது ‘கதம்’. பெங்களூருவின் மொபிலிட்டி இந்தியாவோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட செயற்கை முழங்கால் மூட்டு.

ஒரே அச்சில் மடங்கும் செயற்கை மூட்டில் ஓர் ஆபத்து உண்டு. உடலின் பாரம் அச்சுக்குப் பின்பக்கமாக இறங்கினால் கால் சட்டென்று மடிந்துவிடும். மேடுபள்ளமான தெருவில் ஒவ்வோர் அடிக்கும் இடுப்புத் தசையை இறுக்கியபடியே நடக்க வேண்டும். ‘கதம்’ போன்ற நான்கு தண்டு (ஃபோர் பார்) மூட்டில் தொடையோடு ஒரு துண்டு, கீழ்க்காலோடு ஒரு துண்டு, இரண்டையும் இணைக்க முன்னால் ஒரு தண்டு, பின்னால் ஒரு தண்டு. அம்மாவின் தையல் மெஷினில் மிதிபலகை, நீளக் கம்பி, சக்கரம், இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் நான்கும் சேர்ந்ததும் இதே குடும்பம்தான். மிதியின் ஆட்டம் சக்கரத்தின் சுற்றாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான்.

இப்போது காகிதத்தில் வரைந்து பாருங்கள். முன் தண்டையும் பின் தண்டையும் மேல்நோக்கிக் கோடாக நீட்டினால் இரண்டும் ஓரிடத்தில் வெட்டும். அந்தக் கணத்தில் கால் சுழல்வது அந்தப் புள்ளியைச் சுற்றித்தான். அங்கே ஆணி இல்லை, பேரிங் இல்லை, எதுவுமே இல்லை! தண்டுகளின் நீளத்தைச் சரியாகத் தேர்ந்தால், நிமிர்ந்து நிற்கும்போது அந்தப் புள்ளி மூட்டுக்கு மேலே, பாரம் இறங்கும் கோட்டுக்குப் பின்னால் இருக்கும். கால் உறுதியாக நிற்கும். மடங்கத் தொடங்கியதும் புள்ளி கீழேயும் முன்னேயும் நகரும்; கால் தடையின்றி மடங்கும். மடங்கும்போது காலின் நீளமும் சற்றே குறைவதால் நுனிவிரல் தரையில் இடறாது. பேட்டரியோ கணினியோ கிடையாது. தண்டுகளின் நீளமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

நீளத்தைக் கணக்குப் போட்டு எடுக்கலாம். ஆனால் நெரிசலான பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் காலை எவ்வளவு மடக்க வேண்டியிருக்கும் என்பதை, அதில் ஏறுகிறவர்தான் சொல்ல முடியும். இந்தக் கூடத்தை நான் மதிப்பது இதற்காகத்தான். பயனாளி இங்கே கடைசியில் வந்து ரிப்பன் வெட்டுகிறவர் அல்லர், முதலிலிருந்தே கூட இருப்பவர்.

நம் ஊர்களில் நடப்பதோ வேறு. மேடை போட்டு, படம் எடுத்து, எல்லோருக்கும் ஒரே அளவில் சக்கர நாற்காலி கொடுக்கிறோம். பொருந்தாத நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும்; பிறகு அந்த நாற்காலி வீட்டு மூலையில் துணி போட்டு வைக்கும் இடமாகிவிடும். இன்னொரு பக்கம், பொறியியல் மாணவர்கள் பலர் இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தேவை ஒரு தெருவில் காத்திருக்க, திறமை அடுத்த தெருவில் வீணாகிறது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அடுத்த ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும்போது, கடைக்குப் போகாமல், நண்பர்கள் இரண்டு பேரோடு அங்கே போங்கள். அங்கு வருகிறவர்களிடம் எது வலிக்கிறது, எது உடைகிறது என்று கேளுங்கள். பேராசிரியர்களே, அதற்கு வருகைப் பதிவில் ஒரு நாள் விட்டுக்கொடுங்கள்.