வளர்சிதைமாற்ற ஆய்வில் என்.எம்.ஆர். முறையின் நம்பகத்தன்மை

உயிரணுக்களில் நிகழும் வேதிவினைகளில் உருவாகும் குளுக்கோசு, லாக்டிக் அமிலம், கிரியேட்டினின், அமினோ அமிலங்கள் போன்ற சிறு மூலக்கூறுகள் வளர்சிதைமாற்றப் பொருட்கள் எனப்படும். குருதி, சிறுநீர் முதலிய மாதிரிகளில் இவற்றுள் எவை, எவ்வளவு உள்ளன என்பதை ஒரே சமயத்தில் அறிய உதவும் முறைகளுள் ஒன்று அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் (என்.எம்.ஆர்.) ஆகும். இதன் நம்பகத்தன்மையைக் கருவி, மாதிரி, முடிவு என மூன்று நிலைகளில் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கருவி

வலிமையான காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட மாதிரியிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் வானொலி அலைகளை உட்கவர்கின்றன. நிறமாலையில் முகடு தோன்றும் இடம் பொருளை அடையாளம் காட்டும். முகட்டின் பரப்பு அதன் அளவைக் காட்டும். மாதிரி கண்ணாடிக் குழாயிலேயே இருப்பதால் அழிவதில்லை. மீண்டும் அளந்தாலும் ஏறத்தாழ அதே நிறமாலை கிடைக்கும். இது இம்முறையின் பெரும் வலிமை.

உணர்திறன் குறைவு என்பதே குறை. மிகச் சிறிய அளவில் உள்ள பொருட்களை அறிய நிறை நிறமாலையியல் ஏற்றது. ஆனால் அம்முறையில் ஒரு பொருள் மற்றொன்று அயனியாவதைத் தடுத்து, அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று துணையானவை.

மாதிரி

பிழைகள் பல கருவிக்கு வெளியிலேயே தொடங்குகின்றன. எடுத்த குருதியை அறை வெப்பநிலையில் வைத்திருந்தால் சிவப்பணுக்கள் குளுக்கோசைத் தொடர்ந்து செலவழித்து லாக்டிக் அமிலமாக மாற்றும். கருவி சரியாகவே அளக்கும். ஆனால் அந்த அளவு நோயாளியின் உடலில் இருந்த அளவாக இராது.

சிறுநீரின் அமிலத்தன்மை ஆளுக்கு ஆள் மாறுவதால் சிட்ரிக் அமிலத்தின் முகடுகள் இடம் பெயரும். இதைத் தவிர்க்க, பாஸ்பேட்டுத் தாங்கல் கரைசல் சேர்த்து பி.எச். மதிப்பை 7.4 அளவில் நிறுத்துவர். ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்படும் டி.எஸ்.பி. என்னும் பொருள் சீரத்திலுள்ள ஆல்புமினுடன் பிணைவதால் அதன் முகடு சிறுத்துவிடும். அதையே அளவுகோலாகக் கொண்டால் மற்றப் பொருட்களின் அளவு கூடுதலாகத் தோன்றும்.

முடிவு

2002இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான ஓர் ஆய்வு, சீரத்தின் என்.எம்.ஆர். நிறமாலையைக் கொண்டே இதயத் தமனி நோயை 90 விழுக்காட்டுக்கும் மேலான துல்லியத்துடன் கண்டறியலாம் என்றது. தமனிக்குள் குழாய் செலுத்தும் ஆஞ்சியோகிராம் சோதனைக்கு எளிய மாற்று கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கைக்கு இது இடமளித்தது.

2006இல் அதே இதழில் வெளியான மற்றோர் ஆய்வு இம்முறையை மீண்டும் சோதித்தது. ஆண் நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து உண்போர், உண்ணாதோர் எனப் பிரித்தது. உண்ணாதோரில் 80.3 விழுக்காடும் உண்போரில் 61.3 விழுக்காடும் மட்டுமே கணிப்பு சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 விழுக்காடு சரியாக வரும். கணிப்பு பெரிதும் கொழுப்பின் முகடுகளைச் சார்ந்திருந்தது. பாலினமும் மருந்தும் அந்த முகடுகளை மாற்றக்கூடியவை. எனவே ஒரு முகடு மாறியிருப்பதைக் கொண்டு மட்டும் நோய் உண்டு என்று சொல்லிவிட முடியாது.

சரிபார்க்கும் வழிகள்

எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிதளவு எடுத்துக் கலந்த பொது மாதிரியை இடையிடையே அளந்து, அளவீடு மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பர். இதனால் கருவியின் தடுமாற்றம் மட்டுமே தெரியவரும். இத்தகைய ஆய்வைப் படிக்கும் மாணவர், மாதிரி எப்படிச் சேமிக்கப்பட்டது, ஒப்பிட்ட குழுக்களின் வயது, பாலினம், உணவு, மருந்து ஆகியவை ஒத்திருந்தனவா, வேறொரு புதிய குழுவிலும் அதே முடிவு கிடைத்ததா என்பவற்றையும் கவனிக்க வேண்டும்.