சரிவைத் தாங்கும் வேர்

கோடையில் பானை நீரை மணக்கச் செய்வதற்கும், தட்டியாகப் பின்னித் தொங்கவிட்டுக் காற்றைக் குளிர்விப்பதற்கும் வெட்டிவேரைத் தலைமுறை தலைமுறையாக அகழ்ந்தெடுத்துவரும் நம் தேசத்தில், அகழாமல் விட்டால் அதே வேர் ஒரு மலைச்சரிவையே இறுகப் பற்றி நிற்க வல்லது என்னும் விஷயம் போதிய அளவு பரவாதிருப்பது மிகுந்த வருத்தத்துக்குரியது. வாசனைத் தைலத்துக்காகச் சரிவுகளிலேயே இவ்வேரைத் தோண்டியெடுக்கும் ஹைட்டி நாட்டில், மண்ணைக் காக்கவேண்டிய வெட்டிவேர்ப் புல்லே மண் அரிப்புக்குக் காரணமாகிவிட்டது.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே பாறையின்மேல் போர்த்திக் கிடப்பது, யுகயுகமாகப் பாறையே சிதைந்து உண்டான தடித்த மண். மழை விடாது பெய்யும்போது அதன் நுண்ணிய இடைவெளிகளிலெல்லாம் ஜலம் நிறைந்து, அந்த ஜலத்தின் அழுத்தம் துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள உராய்வைக் குறைத்துவிட, அதுவரை தன் பாரத்தைத் தானே தாங்கிநின்ற சரிவு நெகிழ்ந்து இறங்குகிறது. சாலைக்காக அடிவாரத்தை வெட்டிய இடங்களில் இந்த அபாயம் இன்னும் அதிகம்.

வெட்டிவேரோ பக்கவாட்டில் படராமல் நேர்கீழாக இறங்கி, அனுகூலமான மண்ணில் 3 மீட்டர் ஆழம் வரைகூடச் செல்கிறது. 1990-களில் மலேசியாவில் நடந்த பரிசோதனைகள், இதன் இழுவலிமை சராசரியாகச் சாதாரண எஃகின் வலிமையில் ஆறில் ஒரு பங்கு என்று காட்டின. காங்கிரீட்டுக்குள் பதித்த கம்பியைப்போல இது மண்ணுக்குள் இருந்து வேலை செய்கிறது. சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவிட்டுத் தூர்களை வரிசையாக நட்டால், அவை நெருங்கி வளர்ந்து, ஓடிவரும் நீரின் வேகத்தைத் தணித்து, அது சுமந்துவரும் வண்டலைத் தடுத்து நிறுத்த, காலப்போக்கில் சரிவு தானே படிக்கட்டுகளைப்போல அமைகிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் 1950-களிலேயே ஜான் கிரீன்ஃபீல்டு என்பவர் இம்முறையைக் கையாண்டார். 1980-களில் உலக வங்கியின் நிபுணர்கள் இந்தியாவில் இதைப் பரப்பினர். பின்னர் தாய்லாந்து மன்னர் பூமிபோல் இதற்குப் பேராதரவு தந்தார்.

ஆயினும் வேர் எட்டாத ஆழத்தில் நழுவும் மண்ணை எந்தப் புல்லும் தடுக்காது. அங்கே வடிகாலும் தாங்குசுவரும் இன்றியமையாதவை. மரங்களை வெட்டிவிட்டுப் புல்லை நம்புவதும் தகாது. ஏனெனில், வெட்டிய மரத்தின் வேர் உடனே மடியாமல் சில ஆண்டுகளில் மெல்ல மக்குவதால், ஆபத்து வெட்டியவர்கள் மறந்துவிட்ட பிறகே வருகிறது. நிழலில் வெட்டிவேர் தழைப்பதில்லை. ஆகவே புதிதாக வெட்டப்பட்ட திறந்த சரிவுகளில் முதலில் இதை நட்டு, மண் நிலைகொண்டபின் அப்பிரதேசத்துக்கே உரிய செடிகளையும் மரங்களையும் இடையிடையே வளர்த்து, அவற்றின் நிழலில் இப்புல் இயல்பாகவே பின்வாங்க விடுவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.