பனிக்காலச் சவாரியும் முகமும்

தை மாதத்து விடியற்காலையில் அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்குத் துவிச்சக்கர வண்டியில் இறங்குவோர், முகத்தில் ஊசி குத்துவது போன்ற வேதனையை அறிவர். அது பனியின் குற்றமன்று. நமது வேகம் எழுப்பும் காற்றின் குற்றம். தோலை ஒட்டி நிற்கும் இளஞ்சூட்டை அக்காற்றுத் துடைத்துச் செல்கிறது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில், 10 பாகை செல்சியஸ் குளிர் மூடாத முகத்துக்கு 7 பாகைபோலத் தோன்றும். ஆகையால் முதல் மருந்து, தடையைப் பிடித்து மெல்ல இறங்குவதே.

பருத்தித் துவாயால் வாயை மூடுவோர் பலர். மூச்சின் ஈரத்தில் நனைந்து, அது கன்னத்தை முன்னிலும் குளிர்விக்கும். கம்பளியோ நனைந்தபின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும். தோட்டத்து முதியோர் அதனைக் கைவிடாதது காரணமின்றியன்று. மூக்குத் துவாரங்களைத் திறந்துவிட்டு, கம்பளிப் பட்டியின் முனைகளைச் சட்டைக்குள் செருகிக்கொள்க.

தேங்காயெண்ணெய் தோல் வெடிப்பைத் தடுக்கும், சூடு தராது. 24 பாகையிலே தானே உறைந்துவிடும் எண்ணெய், பாவம், நமக்கு என்ன செய்யும்?

காதுகளை மட்டும் இறுகக் கட்டுதல் வேண்டா. இளம் ஆசிரியனாயிருந்த நாளில் அவ்வாறு கட்டிக்கொண்டு, கண்ணீர் வழிய இறங்கிய நான், வளைவிலே லொறியின் ஒலி கேளாது, கடைசிக் கணத்தில் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தேன். அன்று பாடசாலையை அடைந்தபோது இரண்டாம் பாடவேளை முடிந்திருந்தது.