அங்க இந்தியாக்காரங்க, இங்க சிலோன்காரங்க

எம்.எஸ். படிக்க ஜெர்மனி, கனடான்னு போன சீனியர்ஸ்கிட்ட பேசினா, முதல் ஆறு மாசம் தடுமாறின கதையைச் சொல்லிட்டே இருப்பாங்க. மொழி புரியல, குளிர் தாங்கல, சாப்பாடு செட் ஆகல. சரி, மொழியும் தமிழ், குளிரும் பழகின குளிர், வேலையும் தெரிஞ்ச வேலைன்னா தடுமாற்றமே இருக்காதா? நம்ம கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கிற தாயகம் திரும்பியோர் குடும்பங்கள்ல கேட்டுப் பாருங்க.

19ஆம் நூற்றாண்டுல காபி, அப்புறம் தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கை மலையகத்துக்குப் போனவங்களோட வாரிசுகள் இவங்க. 1948 குடியுரிமைச் சட்டம் இவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடற்றவங்களா ஆக்கிடுச்சு. 1964 அக்டோபர் 30ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர்னு கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974ல ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. ஒப்பந்தம் போட்டப்போ அந்த மக்களை யாரும் கேட்கல. பேர் என்னவோ 'தாயகம் திரும்பியோர்'. ஆனா அதுல நிறையப் பேருக்கு இந்தியாங்கிறது பாட்டி சொன்ன கதைல வந்த ஊர், அவ்வளவுதான்.

தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். இவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல அரசுத் தேயிலைத் திட்டம் ஆரம்பிச்சது. 1975ல அது தனி நிறுவனமாகி, இன்னைக்கு நாம 'டான்டீ'ன்னு சொல்றோம். எல்லாருக்கும் அங்க இடம் கிடைக்கல. கீழே சமவெளியில கடை வைக்கக் கடன் வாங்கி, அது ஓடாம, தெரிஞ்ச வேலையையும் தெரிஞ்ச குளிரையும் தேடி மலை ஏறி வந்தவங்க நிறைய.

நுவரெலியாவும் குன்னூரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், 1,850 மீட்டருக்குப் பக்கம். செடியும் அதேதான். ஆனா அங்க இவங்க கொழுந்து பறிச்சது பாட்டன் காலத்துல நட்ட செடியில. இங்க வந்தா மலையைச் சுத்தம் பண்ணி, நாத்து நட்டு, அது பறிப்புக்கு வர வருஷக்கணக்கில காத்திருக்கணும். கூடலூர் பக்கம்னா கூடவே யானை வேற.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் இன்னும் சுவாரஸ்யம். கடையில 'ஒரு றாத்தல் பாண்'னு கேட்டா இங்க யாருக்குப் புரியும்? பாண்னா பிரெட். றாத்தல்னா பவுண்டு, இந்தியா 1960களிலேயே கிலோவுக்கு மாறிடுச்சு. அங்க ஒரு நாள் கூலிக்கு 'பேர்'னு சொல்வாங்க, பாதி நாள்னா 'அரைப்பேர்'. இங்க அரைப்பேர்னா முழிப்பாங்க. டீயே வேற! அங்க சாயத்தண்ணி, உள்ளங்கையில கொஞ்சம் சீனி வெச்சு நக்கிக்கிட்டே குடிக்கிறது. நீலகிரியில பெரும்பாலும் சிடிசி தூள், பால் ஊத்திக் கொதிக்க வெச்ச டீ. (எனக்கு சாயத்தண்ணிதான் பிடிக்கும், சண்டைக்கு வராதீங்க.) பக்கத்து ஊர்ல படகா பேசுவாங்க, தமிழ் தெரிஞ்சும் சந்தையில கொஞ்ச நாள் காதை நல்லா தீட்டிக்கிட்டுத்தான் நிக்கணும்.

இதெல்லாம் ரெண்டு மூணு வருஷத்துல பழகிடும். பழகாதது காகிதம். இலங்கைத் தோட்டத்துல சாதிச் சான்றிதழ்னு ஒண்ணு கிடையாது. இங்க பிள்ளையைப் படிக்க வைக்க, ஸ்காலர்ஷிப் வாங்க அது வேணும். அதுக்கு பூர்வீக ஊர் எது, அங்க சொந்தக்காரங்க யாருன்னு கேட்பாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி கங்காணி பின்னாடி நடந்து போன பூட்டனோட ஊருக்கு யார் சாட்சி சொல்றது? கையில இருந்தது தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை மட்டும். அது தொலைஞ்சா அதுவும் போச்சு. கூடலூர்ல ஜென்ம நிலச் சட்டம் 1969ல வந்தும் தீராத நில வழக்குகளுக்கு நடுவுல வீடு கட்டினவங்களுக்கு பட்டாவும் கரண்ட் கனெக்‌ஷனும் தனிப் போராட்டம்.

நம்ம கிளாஸ்லயே அந்தக் குடும்பத்துப் பசங்க இருக்கலாம். அட்மிஷன் ஃபார்ம்ல 'சொந்த ஊர்' கட்டத்துல அவங்க எழுதுறது பூட்டன் கிளம்பின ஊரும் இல்ல, பாட்டி பிறந்த ஹட்டனும் இல்ல, கோத்தகிரி.